டிவொலூஷன், டிசென்ட்ரலைசேஷன்: இரண்டும் ஒன்றா?

வெள்ளவத்தை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் தமிழ்மொழி மூலம் பரீட்சைக்குத் தோற்றுபவர்கள். ஆனாலும் அவர்களில் சிலர் பின்னர் சட்டக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஆங்கில நூல்களை வாசிக்க வேண்டி வரும் என்பதால், பாடத்தில் வரும் முக்கியமான கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். மாகாண சபைகள் பற்றிய அலகை நடத்திக்கொண்டிருந்தபோது, டிவொலூஷன் என்பதற்கும் டிசென்ட்ரலைசேஷன் என்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவி கேட்டாள். மத்தியில் குவிந்து கிடக்கும் அதிகாரம் கீழே இறங்கி வருவதைத்தானே இரண்டும் குறிக்கின்றன என்பது அவளது வாதம்.

நான் புரட்டிய ஆங்கில நூல்களில் இதற்கு ஒரே விடை கிடைக்கவில்லை. பொது நிருவாகம் பற்றிய நூல்கள் டிசென்ட்ரலைசேஷன் என்பதைப் பெருவகையாகக் கொண்டு, டிவொலூஷனை அதன் ஓர் உட்பிரிவாகக் காட்டுகின்றன. அரசியலமைப்புச் சட்டம் பற்றிய நூல்களோ இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது என்று எச்சரிக்கின்றன. நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒரே செய்தியில் முதற் பந்தியில் அதிகாரப் பகிர்வு என்றும் மூன்றாம் பந்தியில் அதிகாரப் பரவலாக்கம் என்றும் எழுதுகிறார்கள். அவை இரண்டு பொருளைக் குறிக்கின்றனவா, ஒரே பொருளுக்கு மாறி மாறி வரும் இரண்டு பெயர்களா என்பது வாசிப்பவருக்குத் தெளிவாவதில்லை.

இந்த நாட்டில் பல தசாப்தங்களாக நடந்துவரும் ஒரு பெரிய விவாதமே இந்தச் சொற்களின் மீதுதான் நிற்கிறது. ஆகவே மாணவர்கள் இதை மேலோட்டமாகக் கடந்து போவதை நான் விரும்பவில்லை. நம் நாட்டு உதாரணங்களோடு விளக்கக்கூடியவர்கள் உதவினால் நன்றியுடையவளாவேன்.


ஓய்வுநிலை நிருவாக உத்தியோகத்தர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இலங்கை நிருவாக சேவையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வரைவிலக்கணங்களைப் பின்னர் பார்க்கலாம். மாணவர்கள் தங்கள் பெற்றோருடன் போய் வந்திருக்கக்கூடிய அலுவலகங்களிலிருந்து தொடங்குவது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கண்டி, மாத்தறை, வவுனியா, குருநாகல் ஆகிய இடங்களில் அதற்குப் பிராந்திய அலுவலகங்களும் உள்ளன. வவுனியாவில் அலுவலகம் இருப்பதால் வடக்கில் வாழும் ஒருவர் கடவுச்சீட்டுக்காக இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வரவேண்டியதில்லை என்பது உண்மையான நன்மை. ஆனால் கடவுச்சீட்டுக்கான கட்டணம் எவ்வளவு, எந்த ஆவணங்கள் தேவை, யாருக்கு மறுக்கலாம் என்பவற்றில் எதையும் வவுனியா அலுவலகம் தீர்மானிப்பதில்லை. அங்கே பொறுப்பாக இருக்கும் உத்தியோகத்தர் பத்தரமுல்லைக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்; வவுனியா மக்களுக்கு அவர் சேவை செய்கிறார், ஆனால் அவர்களால் தெரிவு செய்யப்பட்டவர் அல்லர். வேலை நடக்கும் இடம் மாறியிருக்கிறது, முடிவு எடுக்கப்படும் இடம் மாறவில்லை. டிசென்ட்ரலைசேஷனின் மிக எளிய வடிவம் இதுதான். இந்த வடிவத்தை மட்டும் பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் டிகொன்சன்ட்ரேஷன் என்ற தனிச் சொல்லும் உண்டு.

இதைவிட ஒரு படி ஆழமான உதாரணம் பிரதேச செயலகம். பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களைக் கைமாற்றும் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் வருவதற்கு முன்னர், இன்று பிரதேச செயலகத்தில் முடியும் பல காரியங்களுக்குக் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரின் கையொப்பத்தைப் பெற வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தால் பிரதேச செயலாளர் பல விடயங்களில் தாமே முடிவெடுக்கும் நிலைக்கு வந்தார். ஆயினும் அவரை நியமிப்பதும் இடமாற்றுவதும் மத்திய அரசாங்கமே. அமைச்சிலிருந்து வரும் ஒரு சுற்றுநிருபம் அவர் நேற்று வரை செய்துவந்த நடைமுறையை இன்று காலை மாற்றிவிடும். என் சேவைக்காலத்தில் இது வியப்புக்குரிய செய்தியாக ஒருபோதும் இருந்ததில்லை; அந்தப் பதவியின் இயல்பே அப்படித்தான்.

இனி டிவொலூஷனுக்கு வருகிறேன். நீங்கள் வெள்ளவத்தையில் இருப்பதால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாகன உரிமையாளர்கள் வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். வாகனத்தைப் பதிவு செய்வதும் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்குவதும் மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பணி. வருமான அனுமதிப்பத்திரமோ மாகாணத்துக்குரியது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாகாண சபைப் பட்டியலிலேயே அந்தக் கட்டணம் இடம்பெற்றிருக்கிறது. பாராளுமன்றம் குறித்த எல்லைகளுக்குள் நின்று, மாகாண சபை தான் இயற்றும் சட்டமான நியதிச்சட்டத்தின் மூலம் அதை அறவிடலாம். அந்த வருமானம் மாகாணத்துக்கே சேரும். ஆகவே ஒரே பிரதேச செயலகக் கட்டடத்துக்குள், ஒரு மேசையில் மத்திய அரசின் வேலையும் இன்னொரு மேசையில் மாகாண சபையின் வேலையும் நடக்கின்றன. வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே அரசாங்க வேலையாகத் தெரிந்தாலும், ஒன்றுக்கு அதிகாரம் வருவது அமைச்சிலிருந்து, மற்றதற்கு மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒரு சபையிலிருந்து.

இதனால் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் சோதனை இதுதான்: கீழே அதிகாரத்தைப் பெற்றிருப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? மேலிடத்துக்கு என்றால் அது டிசென்ட்ரலைசேஷன். தம்மைத் தெரிவு செய்த அந்தப் பகுதி மக்களுக்கு என்றால் அது டிவொலூஷன்.


புறக்கோட்டை வாசகர்:

ஐயா சொன்னதை வியாபார உலகத்திலிருந்து ஒரு வரியில் சொல்லிப் பார்க்கிறேன். செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கும் முதலாளி வெள்ளவத்தையில் ஒரு கிளையைத் திறந்து முகாமையாளரை வைத்தால் அது டிசென்ட்ரலைசேஷன். அந்தக் கிளையை மகனின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அது டிவொலூஷன். சரியா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


கொட்டாஞ்சேனை சட்டத்தரணி:

புறக்கோட்டை அன்பரின் உவமையின் முதற்பாதி சரியானது; இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. எழுதிக் கொடுத்த பின்னர் தந்தைக்கு அந்தக் கடையில் உரிமை இல்லை. டிவொலூஷனில் மேலிடத்தின் உரிமை அற்றுப்போவதில்லை. சட்டம் படிக்கப் போகும் மாணவர்கள் இந்த இடத்தில் வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டிவொலூஷன் என்ற சொல் கீழ்நோக்கி உருளுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அரசியலுக்கு வருவதற்கு முன்பே அது சட்டத்துறையில் புழங்கிய சொல். ஒருவர் இறந்தபின் அவருடைய ஆதனம் வாரிசுகளுக்கு இறங்கி வருவதை இன்றும் நொத்தாரிசுகளும் நீதிமன்றங்களும் டிவொலூஷன் என்றே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். மூத்தவர் இல்லாதபோது அவருடைய கடமை அடுத்தவர் மீது வந்து விழுவதற்கும் அதே வினைச்சொல்லே வரும். ஆகவே அந்தச் சொல்லுக்குள்ளேயே மேல், கீழ் என்ற ஒழுங்கு இருக்கிறது. சமமான இருவர் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் செயலை அது குறிக்காது. மேலே இருந்த ஒன்று கீழே வருவதையே குறிக்கும்.

பிரித்தானியாவில் 1969இல் நியமிக்கப்பட்டு 1973இல் அறிக்கை சமர்ப்பித்த கில்பிராண்டன் ஆணைக்குழு, மத்திய அரசாங்கம் தன் இறைமையைக் கைவிடாமல் தன் அதிகாரங்களை ஒப்படைப்பதே டிவொலூஷன் என்று விளக்கியது. அங்கே அந்தச் சொல் நடைமுறையில் எதைக் குறிக்கிறது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். வட அயர்லாந்துக்கு 1921 முதல் தனிப் பாராளுமன்றம் இருந்தது. 1972இல் பிரித்தானியப் பாராளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் அதை இடைநிறுத்தி, அடுத்த ஆண்டில் இல்லாமலேயே ஆக்கியது. 1998ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துச் சட்டம் ஸ்கொட்லாந்துக்குச் சட்டவாக்க அதிகாரத்துடன் கூடிய பாராளுமன்றத்தைக் கொடுத்தபோது, ஸ்கொட்லாந்துக்காகச் சட்டமியற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின் அதிகாரம் இதனால் பாதிக்கப்படாது என்பதையும் அதே சட்டத்தில் எழுதிவைத்தது. சமஷ்டி முறையில் இப்படி எழுத இடமில்லை. அங்கே மாநிலமும் மத்தியும் அரசியலமைப்பிலிருந்தே தத்தம் அதிகாரத்தை நேராகப் பெறுகின்றன. ஒன்று மற்றதற்குக் கொடுத்ததாகப் பேச்சு எழாது.

இலங்கைக்கு வருவோம். 1987 ஜூலை 29 அன்று கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. இலங்கை ஒற்றையாட்சி அரசு என்று கூறும் அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரை அப்படியே இருக்க, மாகாண சபைகளை அமைப்பது அதற்கு முரணாகாதா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதியரசர்கள் ஒன்பது பேரின் கருத்து ஒருமனதாக இருக்கவில்லை. மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவையே, அவற்றுக்கு அதிகாரம் இறக்கிக் கொடுக்கப்பட்டதால் பாராளுமன்றத்தின் மேலாண்மை பறிபோகவில்லை என்பதால் ஒற்றையாட்சிக்குப் பங்கமில்லை என்பது பெரும்பான்மையினரின் நிலைப்பாடு. டிவொலூஷன் என்ற சொல்லின் பொருளைச் சரியாக வரையறுத்ததன் மீதே அந்த முடிவு நிற்கிறது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

அப்படியானால் மேலிடம் விரும்பியபோது பறித்துக்கொள்ளலாம் என்றால், டிசென்ட்ரலைசேஷனோடு என்ன வேறுபாடு என்று உங்கள் மாணவி கேட்கக்கூடும். வேறுபாடு, பறிப்பதற்கு எதைச் செய்ய வேண்டும் என்பதில் இருக்கிறது. பிரதேச செயலாளரின் நடைமுறையை மாற்றச் சுற்றுநிருபம் போதும் என்று நிருவாக உத்தியோகத்தர் ஐயா எழுதியிருக்கிறார். மாகாண சபைப் பட்டியலிலுள்ள ஒரு விடயத்தைப் பற்றிப் பாராளுமன்றம் சட்டமியற்ற விரும்பினால், 154எ உறுப்புரையின்படி, ஆங்கிலத்தில் 154ஜீ எனப்படும் அந்த உறுப்புரையின்படி, சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அதன் கருத்தைப் பெற வேண்டும். எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒன்றாவது இணங்காவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை.

இது ஏட்டில் உறங்கும் ஏற்பாடு அன்று. 2012இல் வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலம் வந்தபோது, அது மாகாண சபைகளுக்குரிய விடயங்களைத் தொடுவதால் எல்லாச் சபைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அப்போது வட மாகாணத்தில் தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. அங்கே முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. சபைக்குப் பதிலாக ஆளுநர் கருத்துச் சொல்லலாமா என்பதே பெரிய சட்டப் பிரச்சினையாக எழுந்தது. ஒரு திணைக்களத்தின் பிராந்தியக் கிளையிடமிருந்து ஒரு பணியைத் திரும்ப எடுத்திருந்தால் இப்படியொரு கேள்வி நீதிமன்றத்தின் வாசலுக்கே வந்திருக்காது.

இவ்வளவு சொன்ன பின்னர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்திக்கென ஒதுக்கப்பட்ட பட்டியலின் முதல் விடயமே, எல்லா விடயங்களும் பணிகளும் பற்றிய தேசியக் கொள்கை என்பதாகும். அந்த ஒரு வரியின் வழியாக மத்திய அமைச்சுகள் மாகாணத்துக்குரிய எந்தத் துறைக்குள்ளும் வர முடியும், வந்தும் இருக்கின்றன. இறக்கிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதிகாரம் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைச் சொல்லை மட்டும் வைத்து அளக்க முடியாது. பட்டியலை வாசிக்க வேண்டும்.


வெள்ளவத்தை ஆசிரியை:

நிருவாக உத்தியோகத்தர் ஐயாவுக்கும் சட்டத்தரணி அவர்களுக்கும் மிக்க நன்றி. ஐயாவின் சோதனையும் சட்டத்தரணியின் சோதனையும் ஒன்றையொன்று நிரப்புவதாக எனக்குத் தோன்றுகிறது: யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒன்று, திரும்ப எடுக்க என்ன செய்ய வேண்டும் என்பது மற்றது. இரண்டையும் வகுப்பில் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

ஆனால் என் கேள்வியின் ஒரு பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது. டிவொலூஷன், டிசென்ட்ரலைசேஷனின் உட்பிரிவா, அல்லது அதற்கு எதிரே நிற்கும் வேறொன்றா? நிருவாக நூலும் சட்ட நூலும் முரண்படும்போது மாணவர் எதைப் பின்பற்றுவது? மேலும், தமிழில் எந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துவது?


மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:

ஆசிரியை அவர்களே, எஞ்சிய பகுதிக்கு நான் முயன்று பார்க்கிறேன். இந்தச் சொற்களை மூன்று மொழிகளுக்கிடையே கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை என்னுடையது என்பதால், இவை எங்கே நழுவுகின்றன என்பதைப் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

நூல்கள் முரண்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், டிசென்ட்ரலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகன்ற பொருள் ஒன்றும் குறுகிய பொருள் ஒன்றும் இருப்பதே. அமெரிக்க அறிஞர் டெனிஸ் ரொண்டினெல்லி 1980களில் அபிவிருத்தி நிருவாகம் பற்றி எழுதியவற்றில், மத்தியிலிருந்து வெளியே செல்லும் அனைத்தையும் டிசென்ட்ரலைசேஷன் என்ற ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து, அதற்குள் டிகொன்சன்ட்ரேஷன், டெலிகேஷன், டிவொலூஷன் என்று வகை பிரித்தார். உலக வங்கியின் ஆவணங்கள் பெரும்பாலும் அந்த வகைப்பாட்டையே தழுவுகின்றன. இந்த வழக்கில் டிவொலூஷன் ஓர் உட்பிரிவு. அதுவும் மிக ஆழமான உட்பிரிவு.

அரசியலமைப்பு வாதங்களில், குறிப்பாகப் பிரித்தானியாவிலும் இலங்கையிலும், டிசென்ட்ரலைசேஷன் குறுகிய பொருளில் வருகிறது. அங்கே அது நிருவாகப் பணிகளைப் பிரித்தளிப்பதை மட்டும் குறிக்கும். சட்டமியற்றும் அதிகாரத்தோடு கூடிய டிவொலூஷன் அதிலிருந்து வேறுபட்டதாகவே பேசப்படும். அரசியல் மேடைகளில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, நீங்கள் தருவது டிவொலூஷன் அல்ல, டிசென்ட்ரலைசேஷன் மட்டுமே என்று சொல்லும்போது இந்தக் குறுகிய பொருளே கையாளப்படுகிறது. ஆகவே மாணவர்கள் ஒரு நூலைத் திறந்ததும், அது எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் பார்க்கப் பழக வேண்டும். இரண்டு வழக்குகளும் பிழையற்றவை. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலப்பதுதான் பிழை.

இவற்றுக்கு நடுவே டெலிகேஷன் என்ற மூன்றாவது சொல்லை மறந்துவிடக் கூடாது. கொடுத்தவரே பொறுப்பாளியாக நீடிக்க, பெற்றவர் அவர் சார்பில் செயற்படுவது டெலிகேஷன். 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தில், பிராந்திய சபைகளுக்குப் பாராளுமன்றம் அதிகாரங்களை வழங்கும் என்று கூறும் இடத்தில் டெலிகேட் என்ற வினையே வருகிறது. அந்த அதிகாரங்களைச் சட்டத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று அதே இடத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, அமைச்சர் ஒருவர் தம் செயலாளருக்குக் கையளிப்பதைப் போன்ற சாதாரண டெலிகேஷனை அவர்கள் கருதவில்லை என்றே நான் வாசிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், மாகாண சபைகளின் காலத்தில், டிவொலூஷன் என்ற சொல் இங்கே நிலைபெற்றுவிட்டது. பழைய ஆவணங்களை இன்றைய கலைச்சொற்களின் தராசில் வைத்து நிறுக்கும்போது மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். டிசென்ட்ரலைசேஷனுக்கு இலங்கைத் தமிழில் நெடுநாளாக உள்ள நல்ல சொல் பன்முகப்படுத்தல். 1974இல் அறிமுகமான திட்டத்தைப் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் என்றுதான் சொல்கிறோம். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் பகுதி வீதிக்கோ வாசிகசாலைக்கோ ஒதுக்கும் பணத்தையும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்றே மக்கள் அழைக்கிறார்கள். அந்தப் பணம் மாவட்டத்தில் செலவாகிறது, ஆனால் மத்தியின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே வருகிறது. கருத்தும் சொல்லும் இங்கே பொருந்தியே நிற்கின்றன. சிங்களத்தில் விமத்யகத கிரீம என்ற சொல் இதே இடத்தை நிரப்புகிறது. டிவொலூஷனுக்கு அவர்கள் பலய பெதாஹெரீம என்கிறார்கள்.

டிவொலூஷனுக்குத் தமிழில் அதிகாரப் பகிர்வு என்று எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பகிர்வு என்பது ஒன்றாக இருப்பவர்கள் தங்களுக்குள் பங்கிடுவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பவர் ஷெயரிங் எனப்படுவது அதுவே. வட அயர்லாந்தில் 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பின்னர் இரண்டும் அருகருகே இருக்கின்றன. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு அதிகாரம் சென்றது டிவொலூஷன். பெல்ஃபாஸ்டில் அமைந்த நிறைவேற்றுக் குழுவில் ஐக்கியவாதிகளும் தேசியவாதிகளும் சேர்ந்து ஆட்சி செய்ய வேண்டும் என்பது பவர் ஷெயரிங். இரண்டையும் அதிகாரப் பகிர்வு என்று எழுதினால் அந்த உடன்படிக்கையைத் தமிழில் விளக்கவே முடியாது. அதனால் டிவொலூஷனுக்கு அதிகாரப் பகிர்ந்தளிப்பு என்ற வடிவத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அளித்தல் என்ற வினை அதில் இருப்பதால், கொடுப்பவர் ஒருவர் மேலே இருக்கிறார் என்ற பொருள் கெடாமல் நிற்கிறது. டெலிகேஷனுக்கு அதிகாரக் கையளிப்பு போதுமானது. பரவலாக்கம் என்ற சொல்லைப் பொதுவான கட்டுரைகளுக்கு விட்டுவிடலாம். விடைத்தாளிலும் சட்ட ஆவணத்திலும் அது எதைக் குறிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குப் பல பொருளில் வழங்கிவிட்டது.


வெள்ளவத்தை ஆசிரியை:

இந்த வகைப்பாடு மிகவும் உதவியாக இருக்கிறது. பகிர்ந்தளிப்பு, பன்முகப்படுத்தல், கையளிப்பு என்ற மூன்றையும் ஆங்கிலச் சொற்களோடு சேர்த்தே கரும்பலகையில் எழுதப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். மாகாண சபைகளுக்கு இப்போது தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லையே. நிருவாக உத்தியோகத்தர் ஐயாவின் சோதனையின்படி இன்றைய நிலைமையை எந்தச் சொல்லால் குறிப்பது?


ஓய்வுநிலை நிருவாக உத்தியோகத்தர்:

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2017இல் கிழக்கு, சப்ரகமுவ, வட மத்திய மாகாண சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக முடிந்து, 2019 இறுதிக்குள் ஒன்பது மாகாணங்களிலும் சபை இல்லாமற் போனது. 2017இல் தேர்தல் முறையைத் திருத்திய சட்டமும் அதற்கு வேண்டிய எல்லை நிர்ணயமும் முடிவின்றி இழுபட்டதால், அதற்குப் பின்னர் தேர்தல் நடைபெறவில்லை. மாகாண நிருவாகம் ஆளுநர்களின் கீழேயே நடந்துவருகிறது.

ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும் வரையிலேயே அவர் பதவியில் இருக்கலாம். மாகாணத்தின் பாடசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் வீதிகளும் முன்போலவே மாகாணத் திணைக்களங்களின் கீழ் இயங்குகின்றன. வருமான அனுமதிப்பத்திரமும் வழக்கம்போல் வழங்கப்படுகிறது. ஆனால் அந்தத் திணைக்களங்களின் தலைவர்கள் இன்று யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கேட்டால், விடை ஆளுநர் வழியாக ஜனாதிபதியிடம் போய் நிற்கிறது. சபை இல்லாதபோது புதிய நியதிச்சட்டம் எதையும் நிறைவேற்ற வழியில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பகிர்ந்தளிப்பின் உயிர்நாடியான சட்டமியற்றும் அதிகாரமே பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது.

ஆகவே சட்டத்தின் எழுத்தில் இருப்பது டிவொலூஷன், நாளாந்த நடைமுறையில் நடப்பது கிட்டத்தட்ட டிகொன்சன்ட்ரேஷன் என்று விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு நான் தயங்காமல் முழுப் புள்ளி கொடுப்பேன். திரும்ப எடுக்க என்ன செய்ய வேண்டும் என்ற சட்டத்தரணியின் சோதனை இதில் மாறாமல் நிற்கிறது: 13ஆவது திருத்தம் நீக்கப்படவில்லை, ஒன்பதாவது அட்டவணையும் அப்படியே இருக்கிறது. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற என்னுடைய சோதனைக்குத்தான், தேர்தல் நடக்கும் வரை, வேறு விடை கிடைத்துக்கொண்டிருக்கும்.